எனக்குத் தெரியக்கூடாத ஊர்

என் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாகத் தெரியாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. "கூடப் பெறந்தவருக்குத் தெரியாமலா இருக்கும், சும்மா சொல்லுங்கண்ணே" என்று கண்ணடிக்கிறார்கள். முன்பெல்லாம் சுர்ரென்று கோபம் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது போடி ஜீப் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்த விஷயம். இப்போது அந்தக் கோபமும் வருவதில்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. மனசுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

என் சோலி ஜீப் ஓட்டுவது. விடியும்போது ஸ்டாண்டில் ஆள் ஏற்றி, மலை வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். காயெடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தான், எல்லாம் என் வாயில் வரும். "இந்த வண்டி டீசல்ல ஓடுதா, இவரு வாயில ஓடுதான்னே தெரியலையே" என்று பின்சீட்டில் ஓர் அம்மா தினமும் சொல்லும். நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னிடம் மலையடியில் ஒரு சங்கதி சொன்னால், ஜீப் மேலே போய்ச் சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இந்த வாய்தான். அவனும் எங்கள் ஸ்டாண்டில்தான் வண்டி ஓட்டினான். மழையிலும் பனியிலும் அவன் வளைவு திரும்புகிற அழகை நின்று பார்க்கலாம். தங்கமான பையன் என்று வீட்டில் போய் அளந்துவிட்டேன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, முகம் வீங்கி வந்து நின்றாள். அடுப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அடுத்த முறை வந்தபோது அந்தப் பொய்யையும் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? புருஷன் பொண்டாட்டி என்றால் முன்னே பின்னே இருக்கும்தான் என்று நியாயம் பேசி, என் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. போகிற வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான்தான் பேசிக்கொண்டே ஓட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

நாலாவது தடவை பிள்ளைகளோடு வந்தபோது பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் பெரியவளைப் பள்ளிக்கூடத்து வாசலிலும், சின்னவனை எங்கள் தெருமுனையிலும் ஏற்றிக்கொண்டு அவன் மலைக்குப் போய்விட்டான். மேலேயிருந்து மூன்றாவது வளைவில், தடுப்புச்சுவர் இடிந்து கிடந்த இடத்தில், முன்சக்கரம் விளிம்பில் நிற்கும்படி ஜீப்பை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டு அதைப் பெரியவள் கையில் கொடுத்தான். "உங்கம்மாகிட்டச் சொல்லு. இப்ப வரலைன்னா நாம மூணு பேரும் கீழ போயிருவோம்னு சொல்லு." பிள்ளை அதை அப்படியே ஒப்பித்தது. அழக்கூட இல்லை, பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தது. பின்னால் வந்த ஜீப்புக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இரண்டு பேர் அவனிடம் பேச்சுக் கொடுத்து இறக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவள் தம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி பின்சீட்டில் இருந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பையன் தோளில் அந்த விரல் தடம் ரெண்டு நாள் இருந்தது.

அன்றைக்குத் தங்கை என்னிடம் சொன்னாள், "இனிமே என்னையக் கொண்டுபோய் விட்டுட்டு வர்ற சோலி வச்சுக்கிறாதண்ணே."

கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது. மாசத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டிலேயே ஓர் அறையில், ஓர் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளை அவன் பார்க்கலாம் என்றார்கள். நான்தான் பஸ்சில் கூட்டிப்போவேன். அவன் குளித்துப் பவுடர் போட்டு வந்திருப்பான். மடியில் வைத்துக் கொஞ்சுவான். சின்னவனுக்கு அது சொர்க்கம். ஒருமுறை அவனுக்குப் புதுப் புத்தகப்பை வாங்கி வந்து கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் தங்கை அதை வாங்கி, அடித்துணியைக் கத்தரியால் கிழித்தாள். பிள்ளை கதறினான். எனக்கு வந்ததே கோபம். "பெத்தவன் ஆசையா வாங்கிக் குடுத்த பையி, அதுல என்ன புள்ள உனக்கு வயித்தெரிச்சல்?" என்று கத்தினேன். அவள் கையை உள்ளே விட்டு ஒரு சின்னப் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். முழு சார்ஜில், சத்தத்தை அணைத்து, உள்ளே வைத்துத் தைத்திருந்தான். நாங்கள் எங்கெங்கே போகிறோம் என்று அவன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதற்கு. அதற்குப் பிறகு கோர்ட் அந்தச் சனிக்கிழமையையும் நிறுத்திவிட்டது. பிள்ளைகளை நெருங்கக்கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள்.

எழுதிய காகிதம் பள்ளிக்கூட வாசலில் வந்து காவல் நிற்காது. அவன் நின்றான். தினமும் எதிர்ப்பக்கத்துக் கடையில், ஒன்றும் செய்யாமல், பார்த்துக்கொண்டே நின்றான். போலீசில் சொன்னால் அன்றைக்கு மட்டும் நகர்ந்துபோவான். ஒரு மாசம் பார்த்தாள் தங்கை. பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், எங்கள் ஊர் ஜீப்புகள் போகாத ஓர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. ஜீப்பைக் கொண்டுவரக்கூடாது, பஸ் மாறி நடந்து வரவேண்டும். இதெல்லாம் அவள் போட்ட சட்டம்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை போவேன். பஸ்சை விட்டு இறங்கி, ஏலச்செடிக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடக்க வேண்டும். காய் உலர்த்துகிற வாசனை வந்தால் வீடு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். சின்னவன் மலையாளம் படித்துவிட்டான். "மாமா, சோறு உண்டோ?" என்று கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். சீசனில் போடி மாங்காய் ஒரு பை நிறையக் கொண்டுபோவேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து பல் கூசும்வரை தின்போம். பெரியவள் அப்போதும் கேட்பாள், "எப்ப மாமா நாம நம்ம ஊருக்குப் போவோம்?" அங்கே கடைவீதி எப்படி இருக்கிறது, அவளோடு படித்த பிள்ளைகள் எந்தத் தெருவில் நின்று பேசுகிறார்கள், எல்லாம் கேட்பாள். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். என் வாய்க்கு அதைவிட நல்ல வேலை என் ஆயுசில் கிடைத்ததில்லை. அந்த வாசலுக்கு இப்போதும் மனசால் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது பெரிய மனுஷியானாள். எனக்குச் செய்தி வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாய்மாமன் நான். குடிசைக்கு ஓலை கட்டுவது நான், சீர் கொண்டு போவது நான், அவளை மணையில் உட்கார வைத்துப் பார்ப்பது நான். பிள்ளை பிறந்த அன்றிலிருந்து காத்திருந்த நாள். தங்கையோ, இங்கேயே அஞ்சு பொம்பளைகளை வைத்துத் தண்ணி ஊத்திக்கிறேன், விசேஷமெல்லாம் வேண்டாம் என்றாள்.

"தாய்மாமன் நான் செத்தா போயிட்டேன்? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசுறதுக்குப் பயந்துதான் மூணு தடவை என்னையக் கொண்டுபோய் விட்ட."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நான் விடவில்லை. பெரியவளும் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நாலு பேர் பார்க்கத் தன் ஊர்ப் பக்கம் ஒருநாள் உட்கார்ந்து எழ வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஆசை. அதைப் பார்த்துத்தான் தங்கை இறங்கி வந்தாள். போடியில் வேண்டாம், தேவாரம் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கோயில் மண்டபம். பத்திரிகை அடிக்கக்கூடாது. பிளக்ஸ் வைக்கவே கூடாது. சாப்பிட்டதும் கிளம்பிவிடவேண்டும். பெரியவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம். யார் வீட்டு விசேஷமானாலும் ஸ்டாண்டு சார்பில் ஒரு பிளக்ஸ் உண்டு. நடுவில் விசேஷ வீட்டுப் பிள்ளை, சுற்றிலும் வட்டம் வட்டமாக எங்கள் மூஞ்சிகள். "எல்லா வீட்டுக்கும் வச்சோம், உங்க மருமகளுக்கு இல்லைன்னா எப்படிண்ணே?" என்று பையன்கள் கேட்டார்கள். ரெண்டு நாள் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் புத்தி புல் மேயப் போய்விட்டது. தங்கைக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்த ஒரே போட்டோவைக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று, மண்டபத்து வாசலில் மட்டும், விடிந்ததும் கட்டி மத்தியானம் அவிழ்த்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. அந்த ஆளும் ரெண்டு வருஷமாக எங்கேயோ வெளியூரில் இருப்பதாகத்தான் பேச்சு. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் கடைக்காரப் பையன் படத்தைப் போனில் அனுப்பினான். மருமகள் தலையில் கிரீடம் வைத்த மாதிரி செய்திருந்தான். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான். கீழே தாய்மாமன் என்று பெரிய எழுத்தில். மண்டபத்துப் பெயரும் நேரமும் இருந்தன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை எடுத்து என் போன் ஸ்டேட்டஸில் வைத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானேதான் வைத்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திறந்து திறந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் செய்த சத்தியம் ஞாபகம் வந்து அழித்தேன். அதற்குள் போக வேண்டிய இடத்துக்கு அது போய்விட்டது.

மறுநாள் அவன் வந்தான். குடித்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு வந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளியிருப்போம். வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு, கையில் தாம்பாளத்தில் பழம், வளையல், ஒரு பட்டுச்சேலை வைத்துக்கொண்டு வாசலில் வந்து பணிவாக நின்றான். எங்கள் பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "பெத்த அப்பன் தட்டோட வந்து நிக்கிறான். நல்ல நாள்ல வெரட்டுனா பிள்ளைக்கு ஆகாதுப்பா. ஒரு சேரை எடுத்துப் போடுங்க."

போட்டார்கள். கோர்ட் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் தட்டோடு வந்தவனைத் திருப்பி அனுப்ப எங்கள் ஆட்களுக்குக் கை வராது. சோற்றில் உப்பு குறைந்தால் சண்டைக்குப் போகும் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து, அத்தனை பேருக்கு நடுவே, என்னை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

அவன் வெளியே போனான், கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தான். நேராக மணைக்குப் போய், மகள் கன்னத்தில் சந்தனம் தடவி, காதருகே குனிந்து ஏதோ சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் கண் கலங்கியது. பெரியவள் சந்தனக் கன்னத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மாலையோடு எழுந்து நின்று கத்தினாள்.

"மாமா, தம்பி வண்டியில இருக்கான்."

அவன் அவள் காதில் சொன்னது இதுதான். "அந்த வளைவு ஞாபகமிருக்கா ஆத்தா? தம்பி வண்டியில உக்காந்திருக்கான்."

நான் ஓடினேன். சந்து குறுகலானது. சீர்த்தட்டு இறக்குகிற அவசரத்தில் காலையில் என் ஜீப்பைக் குறுக்கே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்காகக் காலையிலிருந்து ஆளாளுக்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜீப்தான் அன்றைக்கு என் மருமகனைக் காப்பாற்றியது. அவன் வண்டி வெளியேற வழியில்லாமல் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் அவன் மடியில் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறான். ஒன்பது வயது. அப்பா என்று கூப்பிட ஆளில்லாமல் ஏங்கிக் கிடந்த பிள்ளை, கூப்பிட்டதும் போய்விட்டான். நான் கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தேன். அவன் ஸ்பேனரால் அடித்ததில் தோள்பட்டை எலும்பு விலகியது. அதற்குப் பிறகுதான் சேர் எடுத்துப் போட்டவர்கள் ஓடி வந்தார்கள். போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. பையன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா நல்லாத்தான மாமா பேசுனாரு" என்றான்.

சாப்பாடு இலையில் ஆறிக்கொண்டிருக்க, தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். துண்டால் தூக்கிக் கட்டிய தோளோடு நானும் பஸ் ஸ்டாண்டுவரை போனேன். பெரியவள் அதே பட்டுச்சேலையில் இருந்தாள். கன்னத்துச் சந்தனத்தை அழுத்தித் தேய்த்ததில் தோல் சிவந்திருந்தது.

"எங்க புள்ள போறீங்க? பழைய எடத்துக்கா?"

"அந்த எடம் இனி ஆகாது. இத்தனை சனத்துல யாராச்சும் பின்னாடியே வருவாங்க."

"அப்ப எங்க?"

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டாள். "உன்மேல கோவம் இல்லண்ணே. நீ நல்லவன். ஆனா உனக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும்."

நான் குனிந்து கீழே விழுந்த பூவை எடுத்தேன். அவளே சொன்னாள், "பிள்ளைகளுக்குத் தாகமா இருக்கும். ஒரு தண்ணிப் பாட்டில் வாங்கிக் கொண்டா."

வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் நின்ற இடத்தில் ஆள் இல்லை. நாலைந்து பஸ்கள் வெவ்வேறு பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. எந்த பஸ் என்று தெரியவில்லை. தண்ணிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை.

பிறகு எப்போதாவது போன் வரும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நம்பர். நல்லாருக்கோம், பிள்ளைக படிக்கிறாங்க, நீ மாத்திரை ஒழுங்காப் போடு, வச்சிர்றேன். அவ்வளவுதான். போன வருஷம் ஒரு போன். கட்டைக் குரலில் ஓர் ஆள் பேசினார். யார் பேசுறது என்று அதட்டினேன். "மாமா, நான்தான்" என்றது குரல். என் மருமகன். குரல் உடைந்து ஆளாகிவிட்டான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. மாம்பழச் சீசனில் ஒருநாள்கூட என்னால் மாங்காய் தின்ன முடிவதில்லை. மலைப்பாதையில் எதிரே வருகிற ஒவ்வொரு பள்ளிக்கூட பஸ்சின் சன்னலையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து அந்தப் பக்கமே திரும்பிப் பழகிவிட்டது. அவள் உயரம் எவ்வளவு இருக்கும், அவன் மீசை அரும்பியிருக்குமா, என் தங்கைக்கு முடி நரைத்திருக்குமா. யாராவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டார்களா என்று இருக்கும்.

பிள்ளைகளின் அப்பன் சில மாசம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்தான். ஒருநாள் காலையில் நேராக ஸ்டாண்டுக்கே வந்து என் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றான். மெலிந்திருந்தான். குடிக்கவில்லை.

"மச்சான், நான் திருந்திட்டேன். தூரத்துல நின்னு ஒரு தடவை பாத்துட்டு வந்திர்றேன். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது மாப்ளே."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பு இல்லை, உண்மையாகத்தான் அழுதான். எனக்கு மனசு இளகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் போனபிறகு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். மேலேயிருந்து மூன்றாவது வளைவு வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அந்த ஊர்ப் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால், அவன் கையைப் பிடித்து அழுத அந்த நேரத்தில் நான் என்ன செய்திருப்பேன்? சொல்லியிருக்கமாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. என் தங்கை என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். பின்சீட்டு அம்மா, "என்ன அப்பு, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டது. ஆமாம் ஆத்தா என்றேன்.

போன மாசம் போடிமெட்டில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்களை இறக்கிவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வயசு அம்பது தாண்டியதும் கண்ணாடி இல்லாமல் கிட்டத்து எழுத்து தெரிவதில்லை. எதிர் பெஞ்சில் எங்கள் ஸ்டாண்டுப் பையன் ஒருவன். நல்லவன்தான், ஆனால் அவனும் என் பழைய மாப்பிள்ளையும் இப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் வந்து நின்று, நாலைந்து பேர் டீ குடிக்க இறங்கினார்கள்.

சுடிதார் போட்ட ஒரு பெண் கடைக்கு வந்தாள். கழுத்தில் நீல நாடாவில் காலேஜ் அட்டை. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். நெற்றியை மூடுகிற முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், என் தங்கை ஒதுக்குகிற அதே கையால், அதே மாதிரி. பேப்பரை மடக்கினேன்.

அவளும் என்னைப் பார்த்தாள். கண் அகலமாக விரிந்தது. வாய் மாமா என்று திறக்கப் போனது. பிறகு என் எதிரே இருந்த பையனைப் பார்த்தாள், வெளியே நிற்கிற போடி வண்டிகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பதின்மூன்று வயதில் அத்தனை பேர் நடுவே மாமா என்று கத்திய பிள்ளை. எனக்கு ரெண்டடி தூரத்தில் வந்து நின்று, கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"சேட்டா, பழம்பொரி மூணு கட்டுங்க."

எண்ணெயில் வாழைப்பழத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் அடுப்புச் சத்தத்தில், "ஒண்ணா?" என்றார்.

"மூணு" என்றாள். என் காதுக்கு எட்டும்படி, மெதுவாக, மறுபடியும் சொன்னாள். "மூணு பேருக்கு."

அட்டை என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. அவள் போட்டோவும், கீழே கறுப்பாக ரெண்டு வரி எழுத்தும். காலேஜ் பெயர் இருக்கும், ஊர்ப் பெயரும் இருக்கும். ஆறு வருஷமாக நான் தவித்துக் கிடந்த பெயர். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டை நுனியால் துடைத்தேன். பஸ்சின் போர்டு கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, துடைத்துக்கொண்டே இருந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் அவள் துப்பட்டா ஒரு தடவை உரசியது. பஸ் ஹாரன் அடித்தது, கிளம்பியது, சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காமலிருக்கக் கடைக்காரரிடம் சத்தமாக இன்னொரு டீ சொன்னேன்.

"யாருண்ணே அந்தப் புள்ள? உங்களையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. தெரிஞ்ச புள்ளையா?" என்று பையன் கேட்டான்.

"யாரோ. எனக்குத் தெரியாது" என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் ஒரு சங்கதி நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். அதற்குப் பிறகும் எழுத்து தெரியவில்லை.